அவன் நடந்து வரட்டும்

ஜோசியா செத்துப்போன செய்தி வந்தபோது பியூலா சமையலறையில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் கணவர் ஜேசுராஜின் போன் அடித்தது. அவர் எடுத்து, "ஹவ் சாப்... ஹவ் சாப்" என்று இரண்டு மூன்று தடவை ஆமாம் போட்டார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அவனுக்கு வேறு ஆள் கிடையாது, நானே வந்து உடலை வாங்கிக்கொள்கிறேன் என்று ஹிந்தியில் சொன்னது பியூலாவின் காதில் தெளிவாக விழுந்தது.

ஈரக் கையோடு முன்னறைக்கு வந்தாள்.

"யாரு?"

"ஜெயில்லேருந்து." ஜேசுராஜ் போனைக் கீழே வைக்கவில்லை. "ஜோசியா போயிட்டான் பியூலா. நேத்துக் காலையில குழாயடியில சண்டையாம். எவனோ ஒருத்தன் கல்லைத் தூக்கித் தலையில போட்டுட்டான்."

பியூலாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சத்தம் போட்டே சிரித்தாள். அவன் சாக வேண்டும் என்று அவள் கேட்காத நாளில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வராந்தாவில் நின்று, போலீஸ் வேனிலிருந்து அவன் இறங்குவதைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பியவள். இப்போது செத்துவிட்டான். ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் வாய் கசந்தது. தண்ணீர் பிடிக்கிற வரிசைத் தகராறில் செத்திருக்கிறான். மகள் அபிகாயிலுக்காக யாரும் அவனைக் கொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த இன்னொரு விஷயம் மண்டையில் உறைத்தது.

"ஒங்களுக்கு எதுக்குப் போன் பண்ணுதாங்க?"

ஜேசுராஜ் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்க நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கேன்."

"நான் அவனைப் போய்ப் பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்றார். "ஒரு வருஷமா."

மல்லாபூரில் பழைய சிநேகிதன் ஒருத்தன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் என்று சொல்லிவிட்டு மாதத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போவார். மல்லாபூரைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஜெயில். பியூலா உள்ளே போனாள். கழுவிக்கொண்டிருந்த மீனோடு மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையால்தான் வீசினாள். சட்டி ஜேசுராஜின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்து சிதறியது. அவர் மேல் படக்கூடாது என்று அவள் நினைத்ததால்தான் படவில்லை. ஊரில், நாசரேத்தில் படித்த காலத்தில் மாவட்டப் போட்டியில் குண்டு எறிந்து ஜெயித்தவள். கல்யாணமாகிச் செகந்திராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்துக்கு வந்த பிறகு, ஜேசுராஜின் கம்பெனிக் குடியிருப்பை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ரிட்டயராகிற வரைக்கும் பி.டி. டீச்சர். குறி தவறுகிற கை இல்லை அது.

அபிகாயில் அவர்களுடைய ஒரே பிள்ளை. ஜோசியா, செகந்திராபாத்தில் அவர்கள் போகிற தமிழ்ச் சபையிலேயே வளர்ந்த பையன். தகப்பன் கிடையாது. தாயும் அவனுமாக மல்லாபூரில் இருந்தார்கள். பாலாநகரில் ஒரு சின்னக் கம்பெனியில், இரும்புக் கருவிகள் செய்கிற டூல்ரூமில் வேலை. கொயரில் நன்றாகப் பாடுவான். ஜேசுராஜுக்கு அவனைப் பிடித்துப்போய், அவரே பேசி முடித்த சம்பந்தம். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைவதற்குள், அபிகாயில் ஆபீஸில் யாரோடு பேசுகிறாள், யார் காரில் வந்து இறங்குகிறாள் என்று ஆரம்பித்தான். போனைப் பிடுங்கிப் பார்த்தான். பிறகு கை நீட்டினான். உதடு கிழிந்து, பெட்டியும் கையுமாக அவள் வாசலில் வந்து நின்ற அன்றைக்கு, "இனி நீ அங்க போகாண்டாம்" என்று பியூலா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஜேசுராஜ் வேலைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் அவன் வந்தான். கேட்டைத் திறந்து, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, "அத்தை, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுதேன்" என்றான். முகத்தில் ஒரு கெடுதலும் இல்லை. அபியும், "பேசட்டும்மா" என்றாள். பியூலா டீ போட உள்ளே போனாள். பால் பொங்கி வருகிற சமயம் முன்னறையில் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது.

அடுப்பிலிருந்த பால் பாத்திரத்தோடே ஓடி வந்தாள். அபிகாயில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் தன் கழுத்தைத் தானே பிடித்திருந்தாள். விரல்களுக்கு நடுவே ரத்தம் குபுகுபுவென்று வந்து நைட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கண்ணில் வலியைவிட ஆச்சரியம்தான் இருந்தது. டூல்ரூமில் அவனே உரசி உரசிச் செய்த கத்தியோடு ஜோசியா மறுபடி குனிந்துகொண்டிருந்தான். பியூலா கொதிக்கிற பாலை அவன் முகத்தில் ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டு கண் தெரியாமல் வீசியதில் அவளுடைய இடது முன்கை எலும்பு தெரியப் பிளந்தது. அது அவளுக்கு அப்போது தெரியவே இல்லை. விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி அடித்தாள். அவன் கீழே விழுந்த பிறகும் அடித்தாள். நாற்காலியின் கால் முறிந்தது, அவனுடைய முன்பற்கள் தரையில் தெறித்தன. பிறகுதான் மகளிடம் ஓடினாள்.

பக்கத்து வீட்டு வாசு காரை எடுத்தார். பின் சீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டு, கழுத்தை அமுக்கிப் பிடித்தபடி வந்தாள் பியூலா. ரத்தம் உள்ளங்கையில் வந்து வந்து மோதியது. ஒவ்வொரு மோதலும் முந்தினதைவிட மெலிந்துகொண்டே வந்தது. லிங்கம்பள்ளி தாண்டுவதற்குள் நின்றுவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு அவள் பைத்தியமாகாமல் இருந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். ஆவி, ஆத்துமா என்றெல்லாம் சொன்னால் பியூலாவுக்குப் பிடிபடாது. அவளுக்குத் தெரிந்தது உடம்பு. பிள்ளையின் தட்டையான பாதம், ஓடும்போது உள்ளே வளைகிற இடது முட்டி, குளித்துவிட்டு வந்தால் காதுக்குப் பின்னால் அடிக்கிற வாசனை. அந்த உடம்பு திரும்ப எழுந்து வரும் என்று சபை சொல்கிறது. சின்ன வயதிலிருந்து ஞாயிறுதோறும் வாய் சொல்லிப் பழகிய வார்த்தைதான். இப்போது அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாஸ்டர் தியோடர் ஆறுதல் சொல்ல வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாஸ்டரய்யா, எந்திரிச்சு வரும்போது எம் பிள்ளை கழுத்துல அந்த வெட்டு இருக்குமா?"

"ஆண்டவர் எழுந்து வந்தப்பவும் கையில தழும்பு இருந்ததும்மா," என்றார் பாஸ்டர். "ஆனா அது அவருக்கு நோகல."

"தழும்பு இருந்துட்டுப் போகட்டும். தொறந்து இருக்கக் கூடாது."

"தொறந்து இருக்காதும்மா."

அது போதும் என்று இருந்தது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மகளுடைய கல்லுக்குப் பக்கத்தில் உட்காருவாள். மண் விண்டுபோவதை நினைத்துப் பார்ப்பாள். தலைமுடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அபி எழுந்து உட்காருவாள். பசிக்குதும்மா என்பாள். அவ்வளவுதான் பியூலாவின் மோட்சம். அதில் வேறு யாரும் இல்லை, ஜேசுராஜ்கூட இல்லை.

இப்போது சுவரில் மீன் ரத்தம் வழிந்துகொண்டிருக்க, ஜேசுராஜ் சோபாவின் நுனியில் உட்கார்ந்து பேசினார்.

"மொத தடவ அவன் மூஞ்சியில காறித் துப்பணும்னுதான் போனேன். நடுவுல கம்பி வலை. அந்தப் பக்கம் வந்து நின்னான். பல்லு இல்லாம, பாதி மூஞ்சி வெந்துபோய்... மாமான்னு கூப்பிட்டான். எனக்குத் துப்ப வரல்ல பியூலா."

"அப்புறம்?"

"அப்புறம் போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவன் அம்மாவும் செத்துட்டாங்க. போறதுக்கு ஆளில்ல. போனேன். ஜெபம் பண்ணச் சொன்னான், பண்ணுனேன். இந்தக் கிறிஸ்மஸுக்கு முன்னால அழுதான். பாவத்தை எல்லாம் அறிக்கை பண்ணுனான். மாமா, எனக்கு மன்னிப்பு உண்டான்னு கேட்டான்."

"என்ன சொன்னிய?"

"உண்டுன்னு சொன்னேன்."

பியூலா அவர் கன்னத்தில் அறைந்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. மறுபடி அறைந்தாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னிய? வெட்டுப்பட்டது ஒங்க கழுத்தா? நான் மடியில போட்டுட்டுப் போனேனே, அவ கழுத்து. அவ ஒண்ணும் சொல்லல்ல. அவளுக்குப் பேசக்கூட முடியல்ல. நீங்க யாரு உண்டுன்னு சொல்லுததுக்கு?"

"நான் சொல்லல்ல. ஆண்டவர் சொல்லுதாரு."

"அவரு மட்டும் யாரைக் கேட்டாரு?"

ஜேசுராஜ் புறங்கையால் வாயைத் துடைத்தார். உதட்டோரம் ரத்தம் கசிந்தது.

"அப்படின்னா அவன் அங்க வருவான்," என்றாள் பியூலா. குரல் இறங்கிவிட்டது. "எம் பிள்ளை இருக்குத எடத்துக்கு. நீங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுட்டிய. இங்க இருக்கும்போது அவளுக்கு ஓடி வர எங்கிட்ட ஒரு வீடு இருந்தது. அங்க அவ எங்க ஓடுவா?"

அன்று அவள் எதுவும் சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் வழக்கம்போல் மண் விண்டது, அபி எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் கொஞ்சம் தள்ளி இன்னொரு குழியும் விண்டது. அவன் எழுந்தான். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தான்.

மறுநாள் காலையில், அவனையும் சபைக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் பண்ணுவதற்காக உடலை வாங்க ஜேசுராஜும் பாஸ்டரும் பிணவறைக்குப் போனார்கள். பியூலா நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அங்கே குழி வெட்டுகிறவர் யாதய்யா, அபிக்கும் அவர்தான் வெட்டினார். இடுப்பளவு ஆழத்தில் நின்று மண்ணை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். பியூலா வந்து நின்று பார்த்தாள். அந்தக் குழிக்கும் அபிகாயிலின் கல்லுக்கும் நடுவே மூன்றே மூன்று கல்லறைகள்.

"யாதய்யா, மேல வாங்க."

அவர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார், டீ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து. மேலே ஏறியதும் அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக் குவித்த மண்ணைத் திருப்பிக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தாள். "மேடம், வத்து மேடம்!" என்று அவர் தெலுங்கில் கெஞ்சி, வேண்டாமெனத் தடுத்தார். தோளால் ஒரு இடி இடித்தாள். மெலிந்த மனுஷன், இரண்டு அடி பின்னால் போய் ஒரு சிலுவைக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் பக்கத்தில் வரவில்லை. குழி பாதி மூடியிருந்தபோது ஆம்புலன்ஸ் வந்தது.

பெட்டியை இறக்கித் தூக்கி வந்தது நாலே நாலு பேர். ஜேசுராஜ், டிரைவர், சபையிலிருந்து இரண்டு ஆண்கள். பாஸ்டர் முன்னால் நடந்து வந்தார். குழியையும் பியூலாவையும் பார்த்ததும் எல்லாரும் நின்றார்கள்.

"பியூலாம்மா," என்றார் பாஸ்டர்.

"திருப்பிக் கொண்டு போங்க."

"எங்கம்மா கொண்டு போறது?"

"எங்க வேணும்னாலும். எரியுங்க. மூசி ஆத்துல போடுங்க. நாய்க்குப் போடுங்க. எம் பிள்ளை படுத்திருக்குத மண்ணுல இவன் படுக்கப்படாது."

அவர்கள் பெட்டியைத் தரையில் வைத்தார்கள். கை வலித்ததால் வைத்தார்களோ, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வைத்தார்களோ. வைத்ததுதான் தாமதம், பியூலா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கல்லில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள்.

முதல் அடி மூடியின் நடுவில் விழுந்தது. மலிவான பலகை, நீளவாக்கில் கீறிக்கொண்டது. யாரோ கத்தினார்கள். "வத்தம்மா! பாபமம்மா!" என்று யாதய்யா தூரத்தில் நின்று அழுதார். இரண்டாவது அடிக்கு அவள் ஓங்கியபோது ஜேசுராஜ் குறுக்கே பாய்ந்து வலது கையை நீட்டினார். இரும்பு அவர் முன்கையில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் மண்டி போட்டு விழுந்தார். பியூலா அவரைத் தாண்டிப் போய் மூன்றாவது அடி அடித்தாள். கீறலில் கடப்பாரையின் நுனியைக் கொடுத்து நெம்பினாள். ஆணிகள் கிறீச்சிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தன. மூடியின் பாதி எகிறி விழுந்தது.

அவன் முகத்தில் துப்ப வேண்டும் என்று வாயில் எச்சிலைக் கூட்டி வைத்திருந்தாள். ஜேசுராஜால் முடியாததை அவள் செய்வதாக இருந்தாள். குனிந்தாள்.

துப்புவதற்கு அங்கே முகம் இல்லை. நெற்றியின் இடதுபக்கம் உள்ளே போயிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு அடைத்திருந்தார்கள். மண்டையை அறுத்துப் பார்த்துவிட்டுச் சாக்கு தைக்கிற மாதிரி தடித்த நூலால் தைத்திருந்தார்கள். மேல் உதடு பல்லில்லாத வாய்க்குள் மடிந்து கிடந்தது. கன்னத்தில் பால் பட்டு வெந்த தழும்பு மட்டும் அடையாளம் தெரிந்தது, அது அவள் போட்டது. ஈ ஒன்று பஞ்சின் மேல் உட்கார்ந்தது.

வாயிலிருந்ததைப் பக்கத்து மண்ணில் துப்பினாள். கடப்பாரை கையிலேயே இருந்தது. இன்னும் அடிக்கலாம். யாரும் தடுக்கப்போவதில்லை, சபை ஆட்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். ஆனால் இதை அடித்து என்ன வரப்போகிறது? கல்லைப் போட்டவன் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். வலியும் முடிந்தது, கோர்ட்டும் முடிந்தது. இனி இவனை யாரும் எதுவும் கேட்க முடியாது. இவன் பாட்டுக்குக் கிடப்பான். ஆற்றில் போட்டாலும் எரித்தாலும் ஒன்றுதான், அது இவனுக்கு இன்னும் நிம்மதி. தப்பித்துவிட்டான்.

தப்பித்துவிட்டானா?

அவள் நிமிர்ந்து மூன்று கல்லுக்கு அப்பால் இருந்த மகளுடைய கல்லைப் பார்த்தாள். ஜேசுராஜ் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முனகுவது மட்டும் கேட்டது.

"பாஸ்டரய்யா," என்றாள். "இவனும் எந்திரிப்பானா?"

"எல்லாரும் எழுந்திருப்பாங்கம்மா."

"நிச்சயமா?"

பாஸ்டர் தியோடர் உடைந்த பெட்டியைப் பார்த்தார். "நிச்சயமாத்தான்," என்றார். "அது இல்லன்னா நான் இத்தனை பேரை இங்க கொண்டுவந்து வச்சிருக்க மாட்டேன்."

"அப்படின்னா எந்திரிக்கட்டும்." கடப்பாரையை மண்ணில் குத்தி நிறுத்தினாள். "செத்தது போதாது இவனுக்கு. கண்டிப்பா எந்திரிக்கணும். எந்திரிச்சு எம் பிள்ளை முன்னால வந்து நிக்கணும். இவுக மன்னிச்சதும் செல்லாது, நீங்க மன்னிச்சதும் செல்லாது. அவகிட்ட கேக்கட்டும். அவளுக்கு அன்னைக்குப் பேச முடியல்ல. அங்க பேசுவா. கழுத்து மூடியிருக்கும்னு நீங்கதானே சொன்னிய? அவ என்ன சொல்லுதாளோ அதுதான்."

சபை ஆட்கள் பாஸ்டரைப் பார்த்தார்கள்.

"ஆனா இங்க வைக்காதீங்க," என்றாள். தோட்டத்தின் கடைசியில், முள்செடி மண்டிய மதில் ஓரத்தைக் காட்டினாள். "அங்க வைங்க. அவ கண்ணு முழிச்சதும் பக்கத்துல இவன் நிக்கப்படாது. பயந்துருவா. மொதல்ல நாங்க போய் அவ பக்கத்துல நின்னுக்கிடுதோம். இவன் அந்த மூலையிலேருந்து நடந்து வரட்டும். இவ்வளவு கல்லறையையும் தாண்டி, எல்லாரும் பாக்க, அவகிட்ட நடந்து வரட்டும்."

மதிலோரம் யாரும் புதைக்காத இடம். காரணம் இருந்தது. முழங்கால் ஆழத்திலேயே பாறை. யாதய்யா தலையில் கை வைத்தார். பியூலா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கடப்பாரையோடு முதல் ஆளாகப் போனாள். முள்ளை வெட்டித் தள்ளினார்கள். மண்ணைக் கொத்தினார்கள். பாறை வந்ததும் பியூலா ஒரு பக்கமும் யாதய்யா ஒரு பக்கமுமாக மாறி மாறிக் குத்தினார்கள். தீப்பொறி பறந்தது. கல் துண்டு தெறித்து அவள் புருவத்தைக் கிழித்தது. பழைய வெட்டுத் தழும்பு ஓடிய இடது கை மரத்துப்போனது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கடப்பாரை வழுக்கியது. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா வசவா என்று பக்கத்தில் நின்ற யாதய்யாவுக்கே தெரியவில்லை. அடக்கத்தன்று அவள் அழவில்லை. அதற்கப்புறமும் அழுது யாரும் பார்த்ததில்லை.

ஜேசுராஜை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்றார் சபை ஆள் ஒருவர். அவர் வர மாட்டேன் என்றுவிட்டார். ஒரு துண்டால் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு, திறந்து கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பியூலா அதைப் பார்த்தாள். மறுபடி கடப்பாரையை ஓங்கினாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது, ஆள் ஒருவர் படுக்கும் அளவுக்கு ஒரு பள்ளம் ஆகியிருந்தது. ஆழம் போதாதுதான். மேலே கல் அடுக்கிக்கொள்ளலாம் என்றார் யாதய்யா. உடைந்த மூடியைக் கயிற்றால் கட்டிப் பெட்டியை இறக்கினார்கள். பாஸ்டர் புத்தகத்தைத் திறந்து ஜெபத்தைத் தொடங்கினார். இவள் என்ன செய்வாளோ என்ற பயத்தில் குரல் எழும்பவே இல்லை.

"சத்தமா வாசிங்க," என்றாள் பியூலா. "அவனுக்குக் கேக்கணும்."

அவர் சத்தமாக வாசித்தார். மண்ணை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்து, மறுபடி எழும்புகிற நாளைச் சொல்கிற இடம் வந்தபோது, கூட நின்றவர்கள் ஆமென் என்று முணுமுணுத்தார்கள். பியூலாவின் ஆமென் மட்டும் மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கட்டளை கொடுக்கிற குரலில் வந்தது. மதிலுக்கு வெளியே ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவளே கல் அடுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட இளம் டாக்டர், கை எப்படி முறிந்தது என்று தெலுங்கில் கேட்டார். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஜேசுராஜ் சொல்ல வாயெடுத்தார். "நான் அடிச்சேன். கடப்பாரையால," என்றாள் பியூலா, அவளும் தெலுங்கில். டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புருவத்தில் காய்ந்த ரத்தம், சேலையெல்லாம் மண். அவளையும் உட்காரச் சொல்லிப் புருவத்துக்குத் தையல் போட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ராமச்சந்திராபுரத்துக்கு ஆட்டோவில் திரும்பினார்கள். பாலாநகரில் வேலை விட்டு வருகிறவர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டோ நின்று நின்று நகர்ந்தது.

"பியூலா," என்றார் ஜேசுராஜ். "எம்மேல கோவமா?"

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியாது. எந்திரிச்ச பிறகும் இருக்கும்னு நெனைக்கேன்."

அவர் தலையாட்டினார். அடுத்ததைப் பயந்து பயந்துதான் கேட்டார்.

"ஒருவேளை அபி அவனை மன்னிச்சிட்டான்னா?"

பியூலா வெளியே பார்த்தபடி இருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில், காலேஜ் பை மாட்டிய ஒரு பெண் நின்றபடியே சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தாள்.

"அது அவ பாடு. அவ மன்னிச்சா நான் குறுக்க நிக்க மாட்டேன்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா அவ மாட்டேன்னு சொன்னா, நீங்க அங்க வச்சு அவளுக்கு உபதேசம் பண்ணப்படாது. இப்பவே சொல்லிட்டேன்."

"பண்ண மாட்டேன்."

"வாயைத் திறக்கப்படாது."

"திறக்க மாட்டேன் பியூலா."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஜேசுராஜ் வலி தாங்காமல் கத்திவிட்டார். "மெல்லப் போப்பா," என்று டிரைவரை அதட்டிவிட்டு, பியூலா அவருடைய மாவுக்கட்டுக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வருகிற வரைக்கும் அது ஆடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.